இன்னைக்கு எத்தனை சொட்டு

அது ஒண்ணுமில்லம்மா, ஆயில்தான். டிரைவரும் கண்டக்டரும் குனிஞ்சு பாக்காங்கல்லா, அடியில ஆயில் சொட்டுதான்னு பாக்காங்க. பயப்படாத. நாகர்கோவில் வரைக்கும் தாராளமா போகும். இப்ப எடுத்துருவாங்க.

எனக்கெப்படித் தெரியும்னு பாக்கியா? நான் ஈபி ஆபீஸ்ல சூப்பரண்டா இருந்து ரிட்டயர் ஆனவ. ரோஸ்லினம்மான்னா பாளையங்கோட்டையில தெரியும். எனக்குக் காரு ஓட்டத் தெரியாது. ஆனா ஆயில் ஒழுகறதப் பத்தி கேளு, சொல்லுதேன். ஒரு ஆறேழு வாரம் எங்க வீட்டுல வேற பேச்சே கிடையாது. நான் செஞ்சது சரியா தப்பான்னு நீயே சொல்லு. படிச்ச பிள்ளை மாதிரி இருக்க.

எனக்கு ஒரே மவன், செல்வின். மெட்ராசுல கம்பெனி வேலை. மருமவ அனிதா, நாகர்கோவில் பிள்ளை, வெட்டூர்ணிமடம். நல்ல பிள்ளைதான், குறை சொல்லமாட்டேன். கொஞ்சம் பேச்சு கம்மி. அதுகளுக்கு ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. பொறக்கும்போதே நெஞ்சுல ஓட்டை. டாக்டர்மாரு அவங்களால ஆனதெல்லாம் செஞ்சாங்க. ஒரு வயசு ஆகல. போயிட்டு.

வேண்டாம், நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். எல்லாரும் சொல்லியாச்சு.

நானும் மெட்ராசுக்குப் போயிருந்தேன். அடக்கம் முடிஞ்ச மறுநாள் ரெண்டு பேரும் கல்லறைக்குப் பூ கொண்டு போனாங்க. நான் வீட்டுல இருந்தேன். எங்க திரும்பினாலும் பிள்ளை சாமான். தொட்டில், கிலுக்கு, பால் பாட்டில், கொடியில வரிசையா துணி. திரும்பி வந்து இதையெல்லாம் பாத்தா அதுகளுக்குத் தாங்குமா, சொல்லு. ஒரு ஆட்டோவக் கூப்பிட்டேன். எல்லாத்தையும் மூட்டையாக் கட்டி, பக்கத்துல பிள்ளைங்க ஹோம் ஒண்ணு இருந்துச்சு, அங்க கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். தலையணைக்கு அடியில ஒரு மஞ்சச் சட்டை சுருட்டிக் கெடந்துச்சு, துவைக்காதது. அழுக்காக் கொடுக்கக்கூடாதுல்லா. அதை சோப்புப் போட்டு அலசிப் பிழிஞ்சு, ஈரத்தோட ஒரு கவர்ல போட்டுத்தான் கொடுத்தேன். அதுக வாரதுக்குள்ள வீட்டத் தொடச்சி, சோறும் வடிச்சு வச்சிட்டேன்.

அனிதா வந்து நடுவீட்டுல நின்னா. சுத்திப் பாத்தா. உள்ள போய் தலையணையத் தூக்கிப் பாத்தா. திரும்பி வந்து, "அந்த மஞ்சச் சட்டையையுமா அத்தை?"ன்னு கேட்டா. ஆமாம்மா, நல்லா துவைச்சுத்தான் கொடுத்தேன்னேன். சரி அத்தைன்னா.

யாராவது ஒருத்தர் அதச் செய்யணும்லா. இவன் அப்பா செத்தப்பவும் அவுங்க உடுப்பையெல்லாம் மூணாம் நாளே எடுத்துக் கொடுத்தவதான் நான். வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தா யாருக்கு என்ன லாபம்? கொஞ்ச நாள்ல அனிதா அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அது வேற. பிள்ளையப் பறிகொடுத்தவ அம்மாகிட்டத்தான போவா.

இவன் தனியா இருந்து பாத்தான். முடியல. வேலைய விட்டுட்டு எங்கிட்ட வந்துட்டான். வந்தவன் செவுத்தப் பாத்துப் படுத்தான், அவ்வளவுதான். கூப்பிட்டா ம்ம்ங்கான். தட்டுல போட்டா ரெண்டு வாய் திங்கான். தாடி நெஞ்சு வரைக்கும் வந்துட்டு. நானும் எவ்வளவோ பண்ணேன். பாஸ்டரக் கூட்டிட்டு வந்து ஜெபம் பண்ணச் சொன்னேன். அவன்கூடப் படிச்சவங்களை எல்லாம் போன் பண்ணி வரவச்சேன். இங்கயே ஒரு கம்பெனியில சொல்லி இண்டர்வியூவுக்குத் தேதி வாங்கிக் கொடுத்தேன். போகல. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆபீஸ்ல ஒரு காகிதம் என் மேசையில ரெண்டு நாள் தங்கினது கிடையாதும்மா. பெத்த மவன் மாசக்கணக்கா படுத்துக் கெடக்கான், என்னால ஒண்ணும் பண்ண முடியல.

அப்பத்தான் இந்தக் காரு. இவன் அப்பா வாங்குன மாருதி எண்ணூறு. அவுங்க போனதுக்கு அப்புறம் போர்ட்டிகோவிலேயே நிக்கி. எதிர்வீட்டு சாமுவேல் அப்பப்ப வந்து ஸ்டார்ட் பண்ணி வைப்பாரு. ஒருநாள் காலையில பல்லு விளக்கிட்டு வெளிய வந்தவன் அப்படியே நின்னுட்டான். தரையில ஆயில். எப்பருந்தும்மா ஒழுகுதுன்னு கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. அவன் வந்து வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு, ஆளு வச்சிப் பாத்திருவோம்னேன். வேண்டாம், நான் பாக்கேன்னான்.

முதல்ல ஒரு அட்டைய வெட்டி அடியில போட்டான், எங்க விழுதுன்னு பாக்க. இஞ்சின் மேல்மூடியில இருந்து வருதோன்னு நினைச்சான். அதெல்லாம் துணிய வச்சித் தொடச்சி, ஓடவிட்டு, டார்ச் அடிச்சுப் பாத்து, ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சான். டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து வருது. பாத்திருக்கியா? இஞ்சின் ஓரத்துல கறுப்பா கிண்ணத்தக் கவுத்துன மாதிரி ஒரு மூடி இருக்கும். அதுல இருந்து தடி வயரு போகும், பிளக்குக்கு ஒண்ணா. கரண்ட்ட ஒவ்வொரு பிளக்குக்கும் அந்தந்த நேரத்துக்குப் பிரிச்சுக் கொடுக்குமாம். அது இஞ்சின்ல சேருற இடத்துல ஒரு ரப்பர் வளையம். அது காஞ்சு போச்சுன்னா ஆயில் கசியும். இதெல்லாம் அவன் எனக்குச் சொன்னதுதான். ஆமா, எனக்குச் சொன்னான். நான் காய் நறுக்கிக்கிட்டிருந்தேன், அடுக்களை வாசல்ல நின்னு சொன்னான்.

அதைக் கழட்டுததுக்கு முன்னால அடையாளம் போட்டு வைக்கணுமாம். கொஞ்சம் திரும்பி உக்காந்தாலும் நேரம் மாறிப்போயி வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாக்பீஸ் கொடுத்தேன், ஆயில்ல நிக்கல. உள்ள போயி அவன் பெட்டியக் குடைஞ்சு ஒரு நெயில் பாலிஷ் எடுத்துட்டு வந்தான். அனிதாவோடது, சிவப்பு. இஞ்சின்லயும் இதுலயும் சேர்த்து ஒரு கோடு, உள்ள முள்ளு மாதிரி ஒண்ணு சுத்தும், அது எங்க பாத்து நிக்குதோ அங்க ஒரு கோடு. அவ்வளவு கவனமா அந்தச் சின்ன பிரஷ்ஷ வச்சி, மூச்சப் பிடிச்சிக்கிட்டு போட்டான். நகத்துக்குப் போடுத மாதிரி.

புது வளையம் வாங்க அவனே இங்க நம்ம வண்ணார்பேட்டைக்குப் போனான். நான் போகச் சொல்லல, பாத்துக்கோ. அவனே சட்டையப் போட்டுக்கிட்டு பஸ் ஏறிப் போனான். தாடிய எடுத்துட்டு வந்தான். மாட்டிப் பாத்தான், ஒழுகல் குறைஞ்சிது, நிக்கல. மூடியத் திறந்தா உள்ளேயும் ஈரம். அப்படின்னா நடுத்தண்டச் சுத்தி இருக்க ரப்பர் சீலும் போயிட்டுன்னு அர்த்தமாம். அதுக்கு முழுசாக் கழட்டிப் பிரிக்கணும். கழட்டி உள்ள கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில பேப்பர விரிச்சு வச்சான். நான் சாப்பிடுத மேசை! ஒரு ஓரத்துல நான் தட்ட வச்சிச் சாப்பிடுவேன், மறுஓரத்துல அவன் அந்தச் சவத்தத் தொடச்சிக்கிட்டு இருப்பான். சின்ன ஆணி ஒண்ணத் தட்டி எடுக்க ஒரு வாரம். நடுவுல ஒண்ணை உடைச்சிட்டான், அதுக்கு வேற வாங்கினான். ஒரு வேலைய இவ்வளவு மெதுவாச் செய்யுத மனுசன நான் பாத்ததில்ல. ஆனா சாப்பிட்டான். எதிர்ல உக்காந்து, தட்டுல இருக்கதத் தின்னு முடிச்சான். அதையும் சொல்லணும்லா.

சாயங்காலம் ஆச்சுன்னா போன் வரும். அனிதாதான். அவ அம்மா வீட்டுக்குப் போனதுல இருந்து ரெண்டும் பேசிக்கிட்டதே இல்ல. இவன்தான் ஒருநாள் ஒழுகுத இடத்தப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். அவ கூப்பிட்டா. அதுல இருந்து தினமும். நான் அடுக்களையில நிப்பேன், காதுல விழும். ஒட்டுக்கேக்கலம்மா, சின்ன வீடு, கையில ஆயில்னு போன ஸ்பீக்கர்ல போட்டிருப்பான். "இன்னைக்கு எத்தனை சொட்டு?"ன்னு அவ கேப்பா. இவன் சொல்லுவான். அட்டைய எண்ணி வச்சிருப்பான். அப்புறம் சீலப் பத்தி, ஆணியப் பத்தி. அவளும் கேள்வி கேப்பா. உள்ள ஈரம் எந்தப் பக்கமா இருக்கு, துணி வச்சா ஒட்டுதா, அந்த நெயில் பாலிஷ் அழியாம இருக்கா. நடுவுல ரெண்டு பேரும் சும்மாவே இருப்பாங்க. வைக்கமாட்டாங்க, பேசவும் மாட்டாங்க. அப்புறம் அவ, சரி நாளைக்குப் பாப்போம்பா.

எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு. புருசனும் பொண்டாட்டியும் பேசுத பேச்சா இது? எங்க இருக்கப்போறோம், எப்ப சேரப்போறோம், வேலைக்கு என்ன, இன்னொரு பிள்ளைக்கு என்ன, ஒரு வார்த்தை கிடையாது. ஆயில்! ஒருநாள் அவன் சொன்னது கேட்டுச்சு. இது முடிஞ்சதும் இந்தக் காரையே ஓட்டிக்கிட்டு வாரேன் அனின்னான். பைய முடிங்க, அவசரமில்லன்னு அவ சொன்னா, இவன் சிரிச்சான்.

நான் அதத்தான் பிடிச்சிக்கிட்டேன். கார் ரெடியானா போவான். போனா சேருவாங்க. அப்ப காருதான தடை? காரு ரெடியாகணும், அவ்வளவுதான? இவன் போற போக்குல கிறிஸ்மஸ் வந்தாலும் முடிக்கமாட்டான்.

அந்த சீல் திருநெல்வேலியில எங்கயும் கிடைக்கல. மதுரையில இருக்குன்னு போன்ல கேட்டுக்கிட்டு காலையில கிளம்பினான். அவன் தெருமுனை திரும்பினதும் நான் இசக்கிமுத்துவக் கூப்பிட்டேன். மார்க்கெட் பக்கத்துல ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு, இவன் அப்பா காலத்துப் பழக்கம். வந்தாரு, பாத்தாரு. இதப் பிரிச்சி சீல் மாத்துததெல்லாம் இந்தக் காலத்துல யாரும் செய்யமாட்டாங்கம்மா, எங்கிட்ட நல்ல செட்டு ஒண்ணு இருக்கு, அப்படியே மாட்டிருவோம்னாரு. மாட்டுங்கன்னேன். ஆயில் படிஞ்ச இடத்தையெல்லாம் பெட்ரோல ஊத்தி, பளபளன்னு தொடச்சாரு. இஞ்சின்ல இருந்த சிவப்புக் கோடெல்லாம் அழிஞ்சு போச்சு. லைட்ட வச்சி நேரம் பாத்து முறுக்கினாரு. ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆச்சும்மா, அப்படி ஒரு சத்தம், புது வண்டி மாதிரி. மேசையில இருந்த பழசையும் அவரே துணியில சுருட்டி எடுத்துக்கிட்டாரு. நான் பேப்பர மடிச்சிப் போட்டு, மேசைய சோப்புத் தண்ணி வச்சித் தொடச்சி, விரிப்பு விரிச்சேன்.

சாயங்காலம் வந்தான். சீல் கையிலயே இருந்துச்சு, சின்ன பிளாஸ்டிக் கவருக்குள்ள. முகத்துல ஒரு களை. கிடைச்சிட்டும்மான்னு சொல்லிக்கிட்டே உள்ள வந்தவன் மேசையப் பாத்தான். நான் சாவிய எடுத்து அவன் கையில கொடுத்தேன். போய் ஸ்டார்ட் பண்ணிப் பாருன்னேன். சின்னப் பிள்ளைக்கு பர்த்டேக்குக் கொடுப்பம்லா, அப்படி. அவன் போகல. வாசல்ல நின்னே காரப் பாத்தான். பழசு எங்கம்மான்னு கேட்டான். இசக்கி கொண்டு போயிட்டாருன்னேன். தலைய ஆட்டினான். கை கழுவினான். போயி படுத்துட்டான்.

போன் அடிச்சுது. அடிச்சு அடிச்சு நின்னுட்டு. மறுபடி அடிச்சுது. எடுத்தான். அவ வழக்கமாக் கேக்கதத்தான் கேட்டிருப்பா. இவன் சொன்னான், "சரியாயிட்டு அனி. அம்மா ஆளு வச்சி சரி பண்ணிட்டாங்க." அதோட போன வச்சிட்டான். மறுநாள் போன் வரல. அதுக்கு மறுநாளும் வரல.

ஒரு திட்டு திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். திட்டவே இல்ல. பழையபடி செவுத்தப் பாத்துப் படுத்துட்டான். நான் வெட்கத்த விட்டு அனிதாவுக்கு போன் பண்ணேன். காரு ரெடியா இருக்கும்மா, அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லு, உடனே வந்து நிப்பான்னேன். அவ, சரி அத்தைன்னா. மஞ்சச் சட்டைக்குச் சொன்ன மாதிரியே.

சரி, என்னதான் வேணும் இவனுக்குன்னு யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பழசுதான வேணும்? கொண்டாந்து கொடுத்துருவோம். இசக்கிகிட்ட போனேன். அத அன்னைக்கே பேட்டையில பழைய இரும்புக் கடையில போட்டாச்சேம்மான்னாரு. ஆட்டோ பிடிச்சுப் போனேன். கடைக்காரப் பையன் ஒரு மூலையக் காட்டினான். அம்மா, அங்கன பாத்தா மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. எல்லாம் ஒண்ணுபோல. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஆயில். நான் ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், சிவப்புக் கோடு இருக்கான்னு. சேலை பூரா ஆயில். நின்ன இடத்துலயே உக்காந்துட்டேன். அப்புறம் எந்திரிக்க வரல. அந்தப் பையன் ஸ்டூலும் தண்ணியும் கொண்டாந்து கொடுத்து, ஏம்மா அழுறீங்கன்னு கேட்டான். வெயிலுப்பா, தகரத்துல பட்டு கண்ணு கூசுதுன்னேன். வெயில்தான். மத்தியானம்லா.

கடைசியில, நல்லா ஒழுகுத மாதிரி ஒண்ணப் பாத்துக் கொடுப்பான்னேன். அவன் என்ன நினைச்சானோ, ஒண்ணு எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டு வந்தேன். விரிப்ப எடுத்தேன், அவன் விரிக்க மாதிரியே பேப்பர விரிச்சு நடுவுல வச்சேன். மதுரையில இருந்து அவன் வாங்கிட்டு வந்த சீல், அதையும் பக்கத்துல வச்சேன். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், துணி, எல்லாம். செல்வின், இங்க வந்து பாரு, அம்மா உனக்கு என்ன வாங்கிட்டு வந்திருக்கேன்னு கூப்பிட்டேன்.

வந்தான். மேசை முன்னால உக்காந்தான். கையில எடுத்து, மூடியத் திறந்து, உள்ள விரலை விட்டுத் துழாவினான். ரொம்ப மெதுவா பேப்பர்ல திருப்பி வச்சான்.

"இது நம்முது இல்லம்மா"ன்னான்.

எல்லாம் ஒண்ணுதான செல்வின், ஒரே கம்பெனிதானன்னேன். அவன் என்னப் பாத்தான். கோவமே இல்ல அந்தப் பார்வையில. எஞ் சேலையெல்லாம் ஆயிலாயிருக்கதப் பாத்தான். எந்திரிச்சுப் போயி ஒரு துணிய எடுத்துட்டு வந்து, எங் கைய ஒவ்வொரு விரலாத் தொடச்சான்.

அன்னைக்கு சாயங்காலம் அவனே அனிதாவக் கூப்பிட்டான். கதவச் சாத்திக்கிட்டுப் பேசினான். எங்கம்மா இரும்புக் கடைக்குப் போனாங்க அனின்னது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஒரு சத்தம். அழுதானா சிரிச்சானான்னு தெரியல. ரொம்ப நேரம் கேட்டுச்சு. போன்லயும் அந்தப் பக்கம் அப்படித்தான் சத்தம் வந்திருக்கும்னு நினைக்கேன். அவுங்க ரெண்டு பேரும் அதுவரைக்கும் சேர்ந்து அழுததே இல்ல, பாத்துக்கோ. அடக்கத்தன்னைக்குக் கூட ஆளுக்கொரு மூலையில நின்னாங்க.

காலையில ஒரு பைய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். காரு இருக்கேன்னேன். பஸ்ல போறேன்னான். போயிச் சேர்ந்துட்டு போன் பண்ணினான். அவ வீட்டுலதான் இருக்கேன், நல்லாயிருக்கேன், நான் கூப்பிடுறவரைக்கும் வராதீங்கம்மான்னான். கோவமாச் சொல்லியிருந்தா அடுத்த பஸ்லயே போயி நின்னிருப்பேன். அவன் கெஞ்சினாம்மா. பெத்த பிள்ளை எங்கிட்ட கெஞ்சுதான், வராதீங்கன்னு.

ஆக, சேர்ந்துட்டாங்களா இல்லியா? என்னாலதான சேர்ந்தாங்க? எங்க சர்ச்சுல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். இன்னும் கூப்பிடல. மழை வந்து போச்சு, இன்னும் கூப்பிடல. வேலை இருக்கும்.

வீட்டுக்குத்தான வரக்கூடாதுன்னான். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு அவன் வீடு இல்லையே. சனிக்கிழமைனா ஏறிருவேன். இறங்கி அங்க ஒரு டீ குடிப்பேன், பெஞ்சுல உக்காந்திருப்பேன், திரும்பி பஸ் ஏறிருவேன். நடந்து போற தூரம்தான் அவுங்க வீடு. போனதில்லம்மா. சத்தியமா ஒரு தடவை கூடப் போனதில்ல.

போன வாரம் பாத்தேன். ரெண்டு பேரையும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழக்கடையில நின்னாங்க. அவ பாத்துப் பாத்து எடுத்துப் போடுதா, இவன் பையப் பிடிச்சிக்கிட்டு நிக்கான். இளைச்சிருந்தான். ஆனா நிமிந்து நின்னான். நான் டீக்கடைத் தூணுக்குப் பின்னால போயிட்டேன். கிளம்புதப்ப அந்தப் பையோட காது பிஞ்சிட்டு. ஆரஞ்சு எல்லாம் ரோட்டோரமா உருண்டு ஓடுது. எங் கையில பை இருந்துச்சும்மா. நல்ல கட்டைப் பை, காலிப் பை. நாலு எட்டு வச்சா அந்தப் பக்கம். கால எடுத்தும் வச்சிட்டேன்.

அதுக ரெண்டும் குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்குச்சு. அவ முந்தானைய விரிச்சா, இவன் ஒவ்வொண்ணாத் தொடச்சித் தொடச்சி அதுல போட்டான். அவ்வளவு மெதுவா. ஒரு ஆரஞ்சப் பொறுக்க அவ்வளவு நேரம். நான் அந்தத் தூணைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். அவுங்க கண்ணுல இருந்து மறையுத வரைக்கும் கைய எடுக்கல.

வடசேரி வந்துட்டு பாரு. நீ முன்னால இறங்கும்மா. நான் பைய இறங்கிக்கிடுதேன், எனக்கு ஒரு அவசரமும் இல்ல.